மேக விதைப்பால் அணைக்கு உண்மையில் எவ்வளவு நீர் வரும்? ஒரு பனிமலைப் படுகைக்கான கணக்கு

கேள்வி: படுகைக்கணக்கு

பனிமலையில் பிறக்கும் ஆறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அணைக்கு மேலே நீர்ப்பிடிப்புப் பகுதி 2000 சதுர கி.மீ. நவம்பர் முதல் மார்ச் வரை விழும் பனியை நீராக்கிக் கணக்கிட்டால் சராசரி 600 மி.மீ. ஏப்ரலுக்குப் பிறகு அது உருகி வருவதுதான் அணையின் பெரிய வரத்து. இந்தப் படுகைக்கு வெள்ளி அயோடைடு மேக விதைப்பு, அதாவது அந்தப் பொருளின் நுண்துகள்களை மேகத்துக்குள் செலுத்திக் கூடுதல் பனியை விழவைக்கும் முறை, எந்த அளவுக்கு உதவும் என்று மதிப்பிட வேண்டும்.

இத்தகைய திட்டங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் “10 முதல் 15 சதவீதம் கூடுதல்” என்ற எண் அடிபடுகிறது. 600 மி.மீ.க்கு 15 சதவீதம் என்றால் 90 மி.மீ. படுகை முழுவதற்கும் 18 கோடி கனமீட்டர், அதாவது 6.4 டி.எம்.சி. வெள்ளி அயோடைடைப் புகைக்கும் சுமார் 20 தரைநிலை ஜெனரேட்டர்களை வைத்து இவ்வளவு நீரைப் பெற முடியும் என்பது நம்பும்படியாக இல்லை. எங்கே பிழை? 15 சதவீதம் என்பதே தவறா, அல்லது அதை 600-ஆல் பெருக்குவது தவறா?

தரையிலிருந்து புகைப்பதா, விமானத்திலிருந்தா என்பதும், வந்த பலனை எப்படி அளப்பது என்பதும் தெரிய வேண்டும். பனியில் சேரும் வெள்ளியைப் பற்றிய கேள்வியும் கட்டாயம் எழும்.

---

பதில் 1: உறைகரு

பெருக்கலில்தான் பிழை. 15 சதவீதம் என்பது விதைக்கத் தகுந்த புயல்களில், புகை சென்று சேர்ந்த இடத்தில் கிடைக்கக்கூடிய உயர்வின் மேல் எல்லை. குளிர்காலம் முழுவதற்கும் படுகை முழுவதற்கும் உரிய எண் அல்ல அது.

விதைப்பு மேகத்தை உண்டாக்குவதில்லை. பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் திரவமாகவே இருக்கும் மீக்குளிர் நீர்த்துளிகள் மேகத்தில் இருந்தால்தான் வேலையே. பனிப்படிகம் உருவாகத் தொடக்கப்புள்ளியாகும் இயற்கையான தூசிக் கருக்கள் பெரும்பாலும் மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே போனால்தான் போதிய எண்ணிக்கையில் செயல்படும். வெள்ளி அயோடைடின் படிக அமைப்பு பனிக்கட்டியின் அறுகோண அமைப்பை ஒத்திருப்பதால் அது மைனஸ் 5, மைனஸ் 6 டிகிரியிலேயே உறைவைத் தொடங்கிவைக்கும். இதை 1946-ல் பெர்னார்ட் வானெகட் கண்டறிந்தார். அதே ஆண்டில் சற்று முன்னதாக வின்சென்ட் ஷேஃபர் உலர்பனியால் மேகத்தை உறையவைத்துக் காட்டியிருந்தார். ஆக, நமக்குக் கிடைப்பது ஒரு வெப்பநிலைச் சாளரம்: ஏறக்குறைய மைனஸ் 6-க்கும் மைனஸ் 15-க்கும் இடைப்பட்டது. அதைவிட வெப்பமான மேகத்தில் அயோடைடு வேலை செய்யாது. அதைவிடக் குளிர்ந்த மேகத்தில் இயற்கையே போதுமான படிகங்களை உண்டாக்கிவிடுகிறது. அங்கே மேலும் கருவைக் கொட்டினால் இருக்கும் நீரைப் பல படிகங்கள் பங்குபோட்டுக்கொண்டு எதுவும் கனமாகாமல் மலையைத் தாண்டிப் போய்விடும்.

இனி கணக்கு. அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் 2005 முதல் 2014 வரை நடத்திய முன்னோடித் திட்டத்தில், குளிர்காலப் பொழிவில் சுமார் 30 சதவீதம் மட்டுமே விதைக்கத் தகுந்த நிலைமைகளில் விழுந்தது என்று கண்டார்கள். அந்த விகிதத்தையே உங்கள் படுகைக்கும் வைத்துக்கொள்வோம். 600-ல் 30 சதவீதம் 180 மி.மீ. அதற்கு 10 சதவீத உயர்வு கொடுத்தால் 18 மி.மீ. 20 ஜெனரேட்டர்களின் புகை, எந்தக் காற்றுத் திசையிலும் படுகையின் பாதியை மூடினாலே நல்ல வடிவமைப்புதான். ஆகவே படுகைச் சராசரி 9 மி.மீ. அது 1.8 கோடி கனமீட்டர், 0.64 டி.எம்.சி.

இதெல்லாம் மலைமேல் விழுந்த பனி. அணைக்கு வருவதற்குள் ஒரு பகுதி நேரடியாக ஆவியாகும், ஒரு பகுதியை மண் குடிக்கும், ஒரு பகுதியை மரங்கள் எடுத்துக்கொள்ளும். உயர்மலையில் 65 சதவீதம் ஆற்றுக்கு வருகிறது என்று தாராளமாகவே கொண்டால் சுமார் 0.4 டி.எம்.சி. உங்கள் 6.4-க்கும் இந்த 0.4-க்கும் இடையே பதினாறு மடங்கு வித்தியாசம். மற்றப் படிகளில் நடுத்தரமான எண்ணைத்தான் எடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் குறைந்த எண்ணை எடுத்தால் 0.1 டி.எம்.சி.க்கும் கீழே போய்விடும்.

வயோமிங் அறிக்கை இதே போன்ற சங்கிலிக் கணக்கில் ஆற்றோட்ட உயர்வை 0.4 முதல் 3.7 சதவீதம் என்று மதிப்பிட்டது. ஒரு ஏக்கர்-அடி நீருக்கு, அதாவது 1233 கனமீட்டருக்கு, ஆகும் செலவு 27 டாலரிலிருந்து 427 டாலர் வரை. செலவின் வீச்சு இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் மேலே சொன்ன அதே பெருக்கல்தான். எந்தப் படியில் எந்த எண்ணை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை பத்து மடங்கு நகரும்.

---

பதில் 2: புகைத்தடம்

உறைகரு சொன்ன சங்கிலியில் “புகை பாதியை மூடும்” என்ற படிதான் களத்தில் அதிகம் உடைவது. அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

தரை ஜெனரேட்டர் என்பது அடிப்படையில் ஓர் அடுப்பு. வெள்ளி அயோடைடு தனி அசிட்டோனில் கரையாது. அம்மோனியம் அயோடைடோ சோடியம் அயோடைடோ சேர்த்தால் கரையும். வழக்கமான கரைசலில் எடைக்கு 2, 3 சதவீதம் வெள்ளி அயோடைடு இருக்கும். அதைப் புரொப்பேன் சுடரில் நுண்தாரையாகப் பீய்ச்சினால் அசிட்டோன் எரிந்துபோய், 0.1 மைக்ரான் அல்லது அதற்கும் சிறிய துகள்கள் புகையாக வெளிவரும். மணிக்கு 20 முதல் 25 கிராம் வெள்ளி அயோடைடு என்பது வழக்கமான அளவு.

இது போதுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மைனஸ் 10 டிகிரியில் ஒரு கிராமிலிருந்து சுமார் 100 லட்சம் கோடி செயல்படும் கருக்கள் கிடைக்கும். மணிக்கு 25 கிராம் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 70,000 கோடி. புகை 15, 16 டிகிரி கோணத்தில் விரியும் என்பதால் 10 கி.மீ. தொலைவில் சுமார் 3 கி.மீ. அகலம், 700 மீட்டர் தடிமன். காற்று விநாடிக்கு 10 மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு லிட்டர் காற்றில் 30-க்கும் சற்று மேல் கருக்கள். பலன் தெரிய லிட்டருக்குப் பத்துக்கு மேல் வேண்டும். ஆகப் போதும். ஆனால் மேகம் மைனஸ் 6-ல் இருந்தால் அதே புகையில் செயல்படும் கருக்கள் பல பத்து மடங்கு குறைந்து லிட்டருக்கு ஒன்றுகூடத் தேறாது. “மைனஸ் 5-லேயே தொடங்கும்” என்பது ஆய்வகத்தில் உண்மை. ஆற்றுக்கு நீர் சேர்க்க மைனஸ் 8 அல்லது அதற்குக் கீழே வேண்டும். உங்கள் படுகையின் வெப்பநிலைப் பதிவுகளை மைனஸ் 6 வரம்பு வைத்து ஒருமுறை, மைனஸ் 8 வைத்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள். விதைக்கத் தகுந்த மணிநேரங்கள் எவ்வளவு சுருங்குகின்றன என்று தெரியும்.

அடுத்தது இடம். புகை மேகத்துக்குள் ஏற 10 முதல் 20 நிமிடம். படிகம் வளர்ந்து கீழே விழ இன்னும் 20 முதல் 30 நிமிடம். விநாடிக்கு 10 மீட்டர் காற்றில் இந்த 30–50 நிமிடம் 18 முதல் 30 கி.மீ. தூரம். அதற்கும் குறைவான தூரத்தில் வைத்தால் பனி மலைமுகட்டைத் தாண்டி மறுபக்கச் சரிவில் விழும். அங்கே இறங்கும் காற்று வெப்பமாகி அதில் ஒரு பகுதியை ஆவியாக்கிவிடும். காற்று இருமடங்கு வேகமானால் தூரமும் இருமடங்கு. ஒரே வரிசையில் 20 ஜெனரேட்டர்களை 3 கி.மீ. இடைவெளியில் வைத்தால் 60 கி.மீ. மூடும் என்பது காற்று அந்த வரிசைக்குச் செங்குத்தாக அடிக்கும்போது மட்டும். மேற்கிலிருந்து வரும் புயலுக்கு ஒரு வரிசை, தென்மேற்கிலிருந்து வருவதற்கு வேறொரு வரிசை என்று பிரித்தால் எந்த நேரத்திலும் வேலை செய்வது எட்டோ பத்தோதான்.

பெரிய எதிரி பள்ளத்தாக்கின் தலைகீழ் வெப்ப அடுக்கு. கீழே குளிர்ந்த காற்று, மேலே வெப்பக்காற்று மூடிபோல் உட்கார்ந்திருக்கும்போது பள்ளத்தாக்கில் எரியும் ஜெனரேட்டரின் புகை மேலேறாது. இரவு முழுக்க எரித்தாலும் பக்கவாட்டில் பள்ளத்தாக்கோடு ஓடி எங்கோ போய்ச் சேரும். எளிதாகப் போய்வரலாம் என்று சாலையோரப் பள்ளத்தாக்கில் கையால் பற்றவைக்கும் ஜெனரேட்டர்களை வைக்கும் திட்டங்களின் பலவீனம் இதுதான். மலைச்சரிவின் நடு உயரத்துக்கு மேல் தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளை வைத்தால் விலை கூடும், பராமரிப்பும் கூடும், ஆனால் புகை மேகத்துக்குப் போகும். எண்ணிக்கையைப் பாதியாக்கியாவது உயரத்தில் வையுங்கள் என்பேன்.

பழுதுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். எரித்து நிறுத்தியதும் பீய்ச்சுமுனையில் தங்கும் கரைசல் உலர்ந்து மஞ்சள் படிகமாக அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் தனி அசிட்டோனையோ நைட்ரஜனையோ செலுத்திக் கழுவ வேண்டும். கரைசலில் நீர் சேர்ந்தால் வெள்ளி அயோடைடு தொட்டியிலேயே வீழ்படிவாகிவிடும். அதன் பிறகு சுடர் அழகாக எரியும், புகையில் கரு இருக்காது. புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. வெளியே மைனஸ் 25 என்றால் தொட்டியின் அழுத்தம் மிகவும் இறங்கிச் சுடர் தளரும். மீக்குளிர் மேகத்துக்குள் நிற்கும் கருவியின் தலையில் பனிக்கட்டி படிந்து கட்டும். சூரியத் தகடு பனியில் புதைந்து மின்கலம் இறங்கினால் தொலைத்தொடர்பு துண்டிக்கப்படும். அதனால் “வால்வு திறந்தது” என்ற பதிவை எரிந்ததற்கான சான்றாக ஏற்கக் கூடாது. சுடரில் அதன் வெப்பநிலையை அளக்கும் வெப்ப இணை உணரி இருக்க வேண்டும், கரைசல் ஓட்டத்தின் அளவியும் பதிவாக வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒத்துப்போகும் மணிநேரங்களை மட்டும் எண்ணுங்கள்.

---

படுகைக்கணக்கு

இருவருக்கும் நன்றி. லிட்டருக்கு எத்தனை கரு என்ற கணக்கு மிகவும் பயன்பட்டது. புகை மேலேறுவதுதான் சிக்கல் என்றால் விமானம் அதைத் தீர்க்காதா? நேரடியாக மேகத்துக்குள்ளேயே போட்டுவிடலாமே. அதோடு, ஜெனரேட்டரை எப்போது பற்றவைப்பது என்பதை எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்?

---

பதில் 3: காற்றெதிர்

விமானம் ஒரு சிக்கலைத் தீர்த்து வேறு இரண்டைக் கொண்டுவரும். மலைப்பகுதியில் விமானம் தரைக்கு மேல் குறைந்தது 600 மீட்டர் உயரத்தில்தான் பறக்க வேண்டும். மலைமேகத்தின் மீக்குளிர் நீரோ பெரும்பாலும் முகட்டுக்கு மேல் முதல் ஒரு கிலோமீட்டருக்குள் திரண்டிருக்கும். சில புயல்களில் நீர் இருக்கும் அடுக்குக்கு மேலே பறக்க வேண்டிவரும். அப்போது கீழே விழுந்தபடியே எரியும் ஃப்ளேர்களை (எரிகுழல்களை) போடுவார்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 2 கிராம் வெள்ளி அயோடைடு, எரிந்து முடிவதற்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். நீர் உயரத்திலேயே இருந்தால் இறக்கையில் பொருத்தி எரிப்பவை. அவற்றில் ஒவ்வொன்றிலும் 16 கிராம் அளவு. இரண்டாவது சிக்கல் நேரம். நமக்கு வேண்டிய அதே மீக்குளிர் நீர் இறக்கையில் பனியாகப் படியும். மேகம் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் விமானம் வெளியேற வேண்டும். புயல் 14 மணிநேரம் நின்றால் தரை ஜெனரேட்டர் 14 மணியும் எரியும். விமானம் சில மணிநேரம்தான்.

ஆனாலும் விதைப்பு வேலை செய்கிறது என்பதற்கு இன்றுவரை கிடைத்த மிகத் தெளிவான சான்று விமானத்திலிருந்துதான் வந்தது. 2017 ஜனவரி முதல் மார்ச் வரை அமெரிக்காவின் ஐடாஹோவில் பேயட் ஆற்றுப்படுகையில் நடந்த ஸ்னோவி ஆய்வு அது. விதைக்கும் விமானம் காற்றுக்குக் குறுக்கே முன்னும் பின்னும் பறந்தது. கீழ்க்காற்றில் ரேடாரில் அதே வடிவில் வளைந்து வளைந்து செல்லும் பனிக்கோடுகள் தோன்றின. அப்படி ஒரு கோடு இயற்கையில் வராது. அந்தக் கோடுகள் தோன்றிய நாள்களில் இயற்கைப் பொழிவு கிட்டத்தட்ட இல்லாததால் விழுந்த பனி முழுவதையும் விதைப்பின் கணக்கிலேயே எழுத முடிந்தது. மூன்று நாள்களின் அளவு: 20 நிமிடம் விதைத்ததில் 1.2 லட்சம் கனமீட்டர் நீர், 86 நிமிடத்தில் 2.4 லட்சம், 24 நிமிடத்தில் 3.4 லட்சம்.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கும் நீருக்கும் நேர்விகிதமே இல்லை. மேகம் எப்படி இருந்தது என்பதுதான் தீர்மானித்தது. ஆகவே “இத்தனை மணிநேரம் விதைத்தோம், இவ்வளவு நீர்” என்று மணிநேரத்தைப் பெருக்கி அறிக்கை கொடுத்தால் ஏற்காதீர்கள். பரப்பில் பார்த்தால் இந்த நீர் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி, 0.05 முதல் 0.3 மி.மீ. வரைதான். ஒரு குளிர்காலத்தில் இப்படிப் பல பத்து வாய்ப்புகள் அமைந்து அவற்றில் பெரும்பாலானவற்றைப் பிடித்தால்தான் அந்த 9 மி.மீ. சேரும்.

எப்போது பற்றவைப்பது என்ற கேள்விக்கு: நான்கும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். பலூன் ஏற்றத்தில் 700 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த மட்டத்தின் (ஏறக்குறைய 3 கி.மீ. உயரம்) வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 8 அல்லது கீழே. காற்றுத் திசை ஜெனரேட்டர் வரிசையிலிருந்து இலக்கை நோக்கி. கீழடுக்கில் தலைகீழ் அடுக்கு இல்லை. கடைசியாக, மேல்நோக்கிய மைக்ரோவேவ் ரேடியோமீட்டர் காட்டும் திரவநீர் 0.05 மி.மீ.க்கு மேல். இந்த நாலாவதைத்தான் பணம் மிச்சம் பிடிக்க விட்டுவிடுகிறார்கள். மேகம் இருக்கிறது, குளிராக இருக்கிறது என்பதற்காக அதில் திரவநீர் இருக்கும் என்று பொருளில்லை. முழுக்கப் பனிப்படிகமாகவே மாறிவிட்ட மேகத்தில் விதைப்பது வெறும் செலவு. முகட்டில் பனிபடிவு உணரி ஒன்று வைத்தால் ரேடியோமீட்டர் சொல்வதைச் சரிபார்க்கலாம். அதிர்ந்துகொண்டிருக்கும் சிறு கம்பியில் பனி படியப் படிய அதிர்வெண் இறங்கும்; அந்த இறக்கமே திரவநீர் இருப்பதற்கான அடையாளம்.

கோடைக்கால இடிமேகங்களையும் இதே திட்டத்தில் சேர்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள். அது வேறு தொழில்நுட்பம். அங்கே மேக அடியில் உப்பு ஃப்ளேர்களை எரித்துப் பெரிய துளிகளை உண்டாக்க முயல்வார்கள். மழை எந்தப் படுகையில் விழும் என்பதைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம். ஒரு குறிப்பிட்ட அணையின் வரத்துக்காக இதைத் திட்டத்தில் எழுதக் கூடாது.

---

பதில் 4: எதிர்மாறு

அளவீட்டைப் பற்றி. முதலில் உறைகருவின் பதிலில் ஒரு விடுபடல். அவர் மேல் எல்லையாகச் சொன்ன 15, வயோமிங் திட்டம் கொடுத்த 5–15 சதவீத மதிப்பீட்டின் மேல்முனை; அந்த மதிப்பீடு அதன் சமவாய்ப்புச் சோதனையின் நேரடி விடை அல்ல. அங்கே மெடிசின் போ, சியரா மாட்ரே என்ற இரண்டு மலைத்தொடர்கள். தகுந்த புயல் வரும்போதெல்லாம் எந்த மலையை விதைப்பது என்பதைச் சீட்டுக்குலுக்கலில் தீர்மானித்தார்கள். ஆறு குளிர்காலங்களில் 154 சோதனைகள். அவற்றில் 118-ஐ வைத்துச் செய்த முதன்மைக் கணக்கின் விடை 3 சதவீத உயர்வு. அதுவும் தற்செயலாக வந்திருக்க 28 சதவீத வாய்ப்பு உண்டு.  கணினி மாதிரி, பனி வேதியியல், பிற சான்றுகளைச் சேர்த்து நிபுணர்கள் வந்தடைந்த மதிப்பீடுதான் 5–15. இதை மறைக்காமல் அறிக்கையிலேயே சொன்னார்கள் என்பதால் அந்தத் திட்டத்தின் மீது மதிப்பு கூடுகிறது. ஆனால் மேற்கோள் காட்டுகிறவர்கள் 3-ஐ விட்டுவிட்டு 15-ஐ எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னும் கடுமையான பாடம் இஸ்ரேலுடையது. கலிலேயக் கடல் என்ற நன்னீர் ஏரிக்கு நீர் தரும் பகுதிக்கு மேலே அங்கே பல பத்தாண்டுகளாக விதைத்தார்கள். பழைய சோதனைகள் நல்ல பலனைக் காட்டியிருந்தன. பிறகு அந்தப் பலனைப் பற்றிய ஐயம் வலுத்ததால் 2013 முதல் 2020 வரை புதிதாக ஒரு சமவாய்ப்புச் சோதனை. விடை 1.8 சதவீதம், புள்ளியியல் முறையில் பூச்சியத்திலிருந்து பிரித்தறிய முடியாத அளவு. அத்துடன் நிறுத்திவிட்டார்கள். அங்குள்ள மேகங்கள் வேறு, உங்கள் பனிமலை வேறு என்று சொல்லலாம், அது நியாயமும்கூட. ஆனால் “பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள், ஆகவே பலன் உண்டு” என்ற வாதம் அத்தோடு செத்துப்போனது.

உங்கள் படுகையில் என்ன கண்டறிய முடியும்? குளிர்காலப் பொழிவு ஆண்டுக்கு ஆண்டு 30 சதவீதம் ஏறி இறங்குகிறது என்று கொள்வோம். பக்கத்தில் விதைக்காத ஒப்பீட்டுப் படுகை இருக்கிறது, இரண்டுக்கும் ஒட்டுறவு 0.9 என்றும் கொள்வோம். இது மிக நல்ல ஒட்டுறவு. அப்படியும் கழித்தபின் எஞ்சும் இரைச்சல் 13 சதவீதம். உண்மையான உயர்வு 5 சதவீதம் என்றால் அதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல 27 ஆண்டுகள் ஆகும். உறைகருவின் கணக்குப்படி உயர்வு 1.5 சதவீதம்தான் (600-க்கு 9). அதற்கு 300 ஆண்டுகள். ஆற்றோட்ட அளவியை வைத்துக்கொண்டு இந்தத் திட்டம் வென்றதா தோற்றதா என்று உங்கள் காலத்தில் யாரும் சொல்ல முடியாது. ஐந்தாண்டு முடிவில் “வரத்து 12 சதவீதம் கூடியது” என்று வரைபடம் வந்தால் அது வானிலையின் வரைபடம்.

பனிமானிகளும் உதவாது. காற்றடிக்கும் இடத்தில் மானிக்குள் விழாமல் பறந்துபோகும் பனி 20 முதல் 50 சதவீதம் வரை இருக்கும். தேடும் பலனைவிடக் கருவியின் பிழை பெரிது.

ஆகவே விளைவைத் தேடாமல் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் சோதியுங்கள். சுடர் எரிந்ததா, திரவநீர் இருந்ததா, புகை இலக்குக்கு வந்ததா. மூன்றாவதற்கு ஓர் அருமையான முறை உண்டு. வெள்ளி அயோடைடு ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே, அதே அளவில், பனிக்கருவாகச் செயல்படாத இண்டியம் ஆக்ஸைடைப் புகைப்பது. விழும் பனியின் மாதிரியில் இரண்டும் சம அளவில் இருந்தால் பனி வழியில் இரண்டையும் வெறுமனே துடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. வெள்ளி கூடுதலாக இருந்தால் அந்தக் கூடுதல் பங்கு படிகத்தைத் தொடங்கிவைத்திருக்கிறது. வெள்ளி மட்டும் இருப்பதைக் காட்டிப் பலன் என்று சொல்வது போதாது.

---

பதில் 5: நீர்வேதியியல்

வெள்ளியைப் பற்றி. 20 ஜெனரேட்டர், மணிக்கு 25 கிராம், ஒவ்வொன்றும் பருவத்துக்கு 100 மணிநேரம்: மொத்தம் 50 கிலோ வெள்ளி அயோடைடு. அதில் வெள்ளி 46 சதவீதம், 23 கிலோ. முழுவதும் 2000 ச.கி.மீ.க்குள்ளேயே விழுகிறது என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 11.5 மைக்ரோகிராம். 600 மி.மீ. நீரில் கலந்தால் லிட்டருக்கு 0.02 மைக்ரோகிராம். அமெரிக்கக் குடிநீர் வழிகாட்டு வரம்பு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம். அதோடு நச்சுத்தன்மை உடையது கரைந்த வெள்ளி அயனி. அயோடைடாக இருக்கும்போது அது நீரில் மிகமிகக் குறைவாகவே கரையும்.

இதனால் கவலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. சராசரி பாதுகாப்பானது, புள்ளிகள் அப்படியல்ல. கரைசல் சிந்தும் இடம், தொட்டி நிரப்பும் இடம், ஜெனரேட்டரின் அடியில் உள்ள சில சதுர மீட்டர் மண் ஆகியவற்றில் செறிவு பல மடங்கு கூடலாம். தொடங்குவதற்கு முன்பே அந்த இடங்களின் மண், கீழுள்ள ஓடையின் வண்டல், உருகும் பனி மூன்றிலும் மாதிரி எடுத்து வைக்க வேண்டும். முன்மாதிரி இல்லாமல் பத்தாண்டு கழித்து எதையும் நிரூபிக்கவோ மறுக்கவோ முடியாது. நாள்தோறும் கையாளும் பணியாளருக்கு வெள்ளியைவிட அசிட்டோன் ஆவியும் புரொப்பேனும் ஆபத்தானவை.

“கீழ்க்காற்றில் உள்ளவர்களின் மழையைத் திருடுகிறோமா” என்ற கேள்வி நிச்சயம் வரும். காற்றுத்தம்பத்தில் 8 மி.மீ. நீராவி, விநாடிக்கு 15 மீட்டர் காற்று, 50 கி.மீ. அகலம் என்றால் ஒரு மணிநேரத்தில் மலையைக் கடக்கும் நீர் ஏறக்குறைய 2.2 கோடி கனமீட்டர். நல்ல விதைப்பில் கிடைக்கும் மூன்று லட்சம் அதில் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. திருட்டு என்ற சொல் பொருந்தாது. ஆனாலும் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பது மரியாதை.

---

படுகைக்கணக்கு

இப்போது தெளிவாகிறது. முதலில் எழுதிய 6.4 டி.எம்.சி.யை அடித்துவிட்டு 0.1 முதல் 0.4 வரை என்று வைத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று. அணை வறண்டு கிடக்கும் ஆண்டில்தான் இத்தகைய திட்டத்துக்குக் குரல் எழுகிறது. அந்த ஆண்டில் தொடங்கினால் பயன் உண்டா?

---

பதில் 6: உருகுநீர்

மிகக் குறைவு. வறண்ட ஆண்டு என்றால் புயல்களே வரவில்லை என்று பொருள். விதைக்க மேகம் இல்லை. அதோடு வறண்ட மண் முதலில் வரும் உருகுநீரைத் தானே குடித்துவிடும். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றின் மேல்படுகையில் 2021-ல் இதைக் கண்கூடாகக் கண்டார்கள். குளிர்காலப் பனி இயல்பில் சுமார் 90 சதவீதம் வரை இருந்தும் அந்த ஆற்றின் பெரிய நீர்த்தேக்கமான பவல் ஏரிக்கு ஏப்ரல்–ஜூலையில் வந்த நீர் இயல்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. முந்தைய ஆண்டின் வறட்சியால் காய்ந்த மண் இடையில் நின்றது. அப்படிப்பட்ட ஆண்டில் உறைகருவின் 65 சதவீதத்தை 30-ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பலன் அதிகம் கிடைப்பது சராசரி ஆண்டிலும் அதற்குச் சற்று மேலான ஆண்டிலும். அந்த நீரை அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்க அணையில் இடம் இருந்தால்தான் பொருள் உண்டு. உங்கள் அணை சராசரி ஆண்டிலேயே மே மாதம் நிரம்பி வழிந்தால் இந்த 0.4 டி.எம்.சி. மதகு வழியாகத்தான் போகும். முதலில் பழைய முப்பது ஆண்டு வரத்தை எடுத்து, ஒவ்வோர் ஆண்டுக்கும் 1.5 சதவீதம் கூட்டி, அணை இயக்கக் கணக்கில் ஓட்டிப் பாருங்கள். கூடிய நீரில் எவ்வளவு பாசனத்துக்கோ மின்சாரத்துக்கோ போகிறது, எவ்வளவு வழிகிறது என்று வரும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, ஒரு வாரத்து வேலை.

நிறுத்தும் விதிகளையும் எழுத்தில் வையுங்கள். பனிப்படிவு பருவத் தொடக்கத்தில் இயல்பின் 200 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்து, ஏப்ரல் நெருங்கும்போது 150-லேயே நிறுத்து என்று படிப்படியாக இறங்கும் வரம்புகள் அமெரிக்காவின் யூட்டாவில் உள்ளன. பனிச்சரிவு எச்சரிக்கை உச்சத்தில் இருக்கும்போதும், பனிமேல் மழை பெய்து வெள்ளம் வரும் வாய்ப்பு இருக்கும்போதும் நிறுத்த வேண்டும். நிறுத்தும் அதிகாரம் ஒப்பந்ததாரரிடம் இல்லாமல் அணைப் பொறியாளரிடம் இருக்கட்டும். எரிந்த மணிக்குப் பணம் வாங்குகிறவர் தானாக நிறுத்தமாட்டார்.

ஜெனரேட்டர் வாங்குவதற்கு முன் ஒரு குளிர்காலம் ரேடியோமீட்டரையும் முகட்டில் பனிபடிவு உணரியையும் மட்டும் வைத்து அளந்துவிடுங்கள். மைனஸ் 8-க்குக் கீழே, திரவநீரும் சரியான காற்றுத் திசையும் சேர்ந்திருந்த மணிநேரங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை 100-க்கும் கீழே வந்தால் பதில் 5-ல் போட்ட கணக்குக்கே மேகம் இல்லை. 300, 400 வந்தால் தொடங்கலாம், முதலில் ஆறு கருவிகளோடு.